சாமான் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குவதில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்புப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறேன். வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய், சீனி, உருளைக்கிழங்குதான் எங்கள் வியாபாரம். குடியிருப்பது கொட்டாஞ்சேனையில். கடையிலிருந்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலு பேராவது "விலை எப்ப இறங்கும்?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். பொருளியல் என்று நான் படித்தது உயர்தரத்தில் எடுத்த பாடம் மட்டும்தான். மிச்சமெல்லாம் பேரேட்டிலிருந்து கற்றது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். இனிக் கேட்பவர்களிடம் இதையே நீட்டிவிடலாம்.

பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். அப்படியென்றால் சாமான் விலை ஏன் குறையவில்லை?

பக்கத்து வீட்டு அக்கா மாதம் ஒரு தடவை கேட்கும் கேள்வி இது. பணவீக்கம் என்பது விலை ஏறுகிற வேகம். வேகம் குறைந்தது என்றால் மெல்ல ஏறுகிறது என்றுதான் அர்த்தம். ஏறியது இறங்கிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

கணக்காகப் பார்ப்போம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது 2021 செப்டெம்பரில் 1,000 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பை சாமான் ஒரு வருடம் கழித்து 1,949 ரூபாய். அடுத்த வருடம் உணவு விலை கொஞ்சம் இறங்கவும் செய்தது. 5 சதவீதம் இறங்கியது என்று வையுங்கள்: 1,949 ரூபாய்ப் பை 1,850 ரூபாய்க்கு வரும். தொலைக்காட்சியில் "உணவுப் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே" என்று வாசிப்பார்கள். அக்காவின் கையில் இருப்பது அப்போதும் 1,850 ரூபாய்ப் பைதான். பழைய 1,000 ரூபாயை அவர் இன்னும் மறக்கவில்லை, நானும்தான்.

ஆகவே கேட்க வேண்டியது, வருமானம் அந்தப் பையை எட்டிப் பிடித்ததா என்பது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் ஆனது. அது 1,350 ஆனது 2024 செப்டெம்பரில். இடையில் சாமான் விலை இரண்டு மடங்கை நெருங்கியிருந்தது.

சுட்டெண் சொல்வதும் என் பேர்ஸ் சொல்வதும் ஒத்துவரவில்லையே?

ஒத்துவராதுதான். சுட்டெண் ஒரு சராசரிக் குடும்பத்துக்கு. இப்போதைய கொழும்புச் சுட்டெண்ணில் உணவுக்குக் கொடுத்திருக்கும் நிறை, அதாவது பங்கு, ஏறத்தாழ 26 சதவீதம். மிச்சம் வீட்டு வாடகை, மின்சாரம், போக்குவரத்து, படிப்பு, மருந்து என்று போகும். எங்கள் கடையில் மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவரின் வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் சாப்பாடுதான். மின்கட்டணம் குறைந்து சுட்டெண் இறங்கும்போது அவர் வீட்டில் பெரிதாக எதுவும் நடக்காது. அரிசி 20 ரூபாய் கூடினால் அன்றைக்கே நடக்கும்.

வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மன் புள்ளிவிபரவியலாளர் 1857இலேயே எழுதி வைத்துவிட்டார். உணவு விலை ஏற்றம் ஏழையிடம் கூடுதலாக அறவிடும் வரி மாதிரி என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உலகத்தில் உண்மையாகவே உணவு போதாமல்தான் இருக்கிறதா?

இல்லை. ஒரு வருடத்தில் உலகம் விளைவிக்கும் தானியம் சுமார் 280 கோடி தொன். 800 கோடி மக்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 350 கிலோ, நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. யாராலும் தின்று முடியாது. ஆனால் அதில் பெரும்பங்கு கோழிக்கும் மாட்டுக்கும் பன்றிக்கும் போகிறது. அமெரிக்காவில் விளையும் சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாகனங்களுக்கு எத்தனோல் வடிக்கப் போகிறது. இத்தனைக்கும் நடுவில் 2024இல் சுமார் 67 கோடி பேர் போதிய உணவில்லாமல் இருந்தார்கள் என்று ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு கணக்கிட்டிருக்கிறது.

அப்படியென்றால் பஞ்சம் எப்படி வருகிறது?

பொருள் இருக்கும், வாங்கும் வழி அற்றுப்போகும். பொருளியலாளர் அமர்த்தியா சென் இதைத்தான் 1943 வங்கப் பஞ்சத்தை வைத்துக் காட்டினார். இருபது முதல் முப்பது இலட்சம் பேர் மாண்ட வருடம் அது. அந்த வருடத்து அரிசிக் கையிருப்பு முந்திய வருடங்களை விடப் பெரிய அளவில் மோசமில்லை என்பது அவருடைய கணக்கு. போர்க்காலச் செலவில் விலை ஏறியது, கூலி ஏறவில்லை. நெல் வைத்திருந்தவர் பிழைத்தார். நாட்கூலியும் மீனவரும் முடிதிருத்துபவரும் செத்தார்கள்.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கதை இருக்கிறது. எழுபதுகளில், சிறிமாவோ அரசாங்க காலத்தில், டொலர் தட்டுப்பாட்டில் இறக்குமதியை இறுக்கினார்கள். மிளகாய், வெங்காயம் வெளியிலிருந்து வருவது நின்றது. என் அம்மா வழி யாழ்ப்பாணம். செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டவர்கள் அந்த நாலைந்து வருடத்தில் கல்வீடு கட்டினார்கள், உழவு இயந்திரம் வாங்கினார்கள். அப்பு அந்தக் காலத்தைச் சொல்லும்போது முகம் மலரும்.

என் மனைவி வழி மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அதே காலம், அதே அரசாங்கம். பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த அரிசியும் மாவும் வெட்டப்பட்டன. மாவட்டத்துக்கு மாவட்டம் அரிசி கொண்டுபோகத் தடை. தோட்டத்தில் நெல் வயலும் இல்லை, கையில் காசும் இல்லை. 1973, 74இல் தோட்டங்களில் இறப்பு வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளை விடக் கடுமையாக உயர்ந்தது. மாமி அந்தக் காலத்தை வருடக் கணக்கில் சொல்லமாட்டார். "மா வந்த கிழமை, மா வராத கிழமை" என்றுதான் சொல்வார். அப்புவும் மாமியும் எங்கள் கல்யாணத்தில்தான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். "மிளகாய்க் காலம்" என்று அப்பு தொடங்கினார். மாமி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

நேற்றைய விலைக்கு வாங்கிய வெங்காயத்தை இன்றைய விலைக்கு விற்பது அநியாயம் இல்லையா?

இந்தக் கேள்விக்கு நான் சாட்சியும்தான், குற்றவாளியும்தான். 2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது என்ற செய்தி காலையிலேயே தெருவுக்கு வந்துவிட்டது. பத்து மணிக்குள் ஐந்தாறு தொலைபேசி. முதலாளி பலகையில் இருந்த விலையை ஈரத் துணியால் துடைத்தார். புது விலை எழுதவில்லை. வெறும் பலகை. "கொஞ்சம் பொறு, அடுத்த கடை என்ன போடுறான் என்று பார்ப்போம்" என்றார். பின்னேரம் எழுதியபோது காலை விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே அடுக்கியிருந்த சிவப்பு வலைப் பைகள் அதே பைகள்தான்.

அவர் பக்கத்துக் கணக்கையும் சொல்கிறேன். ஒரு மூட்டை 5,000 ரூபாய்க்கு வாங்கிய 100 மூட்டை கையில் இருக்கிறது என்று வையுங்கள். பழைய கணக்கில் 5,500க்கு விற்றால் ஐந்தரை இலட்சம் சேரும். புது மூட்டை 9,000 என்றால் அந்தக் காசுக்கு 61 மூட்டைதான் வரும். இலாபம் வைத்து விற்றும் கடை ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கிவிடும். அதனால் வியாபாரி, வாங்கிய விலையை விட்டுவிட்டு, திரும்ப வாங்கப் போகும் விலையை வைத்துத்தான் விற்பார்.

அந்த நியாயம் ஏறும்போது மட்டும் ஞாபகம் வருவதுதான் என் முறைப்பாடு. புது மூட்டை 6,000க்கு இறங்கினால், 9,000க்கு வாங்கிய பழைய சரக்கு முடியும்வரை பலகை அசையாது. அப்போது "நான் வாங்கிய விலை" என்று வாதம் மாறிவிடும். ஏறுவது லிஃப்டில், இறங்குவது படியில். ஒரே ஆறுதல், வெங்காயம் முளைவிடும், அழுகும், நாளுக்கு நாள் நிறை குறையும். அதனால் வெங்காய விலை ஓரளவு சீக்கிரம் இறங்கிவிடும். பருப்புக்கு அவசரம் இல்லை.

இந்தியா ஒரு தடை போட்டால் நாம் ஏன் இப்படி ஆடிப்போகிறோம்?

பக்கத்தில் இருக்கிறது, கப்பல் கூலி குறைவு, சுவை பழகிவிட்டது. இந்தியாவுக்கு அதன் சொந்தக் கவலை: தேர்தல் வருடத்தில் டில்லியில் வெங்காயம் ஏறினால் ஆட்சிக்கு ஆபத்து. 2019, 2020இலும் தடை போட்டார்கள். 2023 டிசம்பர் தடை 2024 மே மாதம்தான் நீங்கியது, அதுவும் 40 சதவீத ஏற்றுமதி வரியோடு. இடையில் பாகிஸ்தான், சீன வெங்காயம் வந்தது. சீன வெங்காயம் பெரிசு. ஒன்றை வெட்டினால் பாதி மிஞ்சும் என்று வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

அரிசியிலும் இதே கதை, உலக அளவில். உலகம் விளைவிக்கும் அரிசியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் நாடு கடந்து விற்கப்படுகிறது. அதில் 40 சதவீதம் அளவு இந்தியாவினுடையது. சந்தை சிறிசு, விற்பவர்களும் கொஞ்சப் பேர் என்பதால் ஒருவர் கதவைச் சாத்தினால் எல்லாரும் பதறுவார்கள். 2007 கடைசியில் இந்தியா, வியட்நாம் கட்டுப்பாடு போட்டதும், பிலிப்பைன்ஸ் பயத்தில் அள்ளி வாங்கியதும், தாய்லாந்து அரிசி சில மாதத்தில் ஏறத்தாழ மூன்று மடங்காகி 2008இல் தொன் 1,000 டொலரைத் தாண்டியது. அந்த வருடம் உலக நெல் விளைச்சல் நன்றாகத்தான் இருந்தது.

டொலர் ஏறினால் பருப்பு ஏன் ஏற வேண்டும்?

நாம் சாப்பிடும் மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. ஒரு கிலோ ஒரு டொலர் என்று வையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் அது 200 ரூபாய். ரூபாயை மிதக்க விட்ட பிறகு, அதாவது அதன் பெறுமதியைச் சந்தையின் கையில் விட்ட பிறகு, மே மாதத்தில் அதே கிலோ 360 ரூபாய். கனடாவில் ஒரு சதமும் கூடவில்லை.

அதை விட மோசமானது டொலரே கிடைக்காமல் போனது. வங்கி எல்.சி. திறக்காது, அதாவது இறக்குமதிக்குக் காசு கட்டுவோம் என்ற உறுதிக் கடிதம் கொடுக்காது. சாமான் வந்து துறைமுகத்தில் நிற்கும், காசு கட்ட வழியில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கொள்கலன்கள் அப்படி நின்றன. நாளுக்கு நாள் தாமதக் கட்டணம். அந்தக் கட்டணமும் கடைசியில் உங்கள் பருப்புக் கறிக்குள்தான் வந்து சேர்ந்தது. பிறகு டொலர் 300 ரூபாய்ப் பக்கம் வந்தது உண்மை. 200க்குத் திரும்பவில்லை; விலையும் திரும்பவில்லை.

உக்ரேன் சண்டைக்கும் கொட்டாஞ்சேனைப் பாணுக்கும் என்ன தொடர்பு?

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. முழுவதும் கப்பலில் வந்து, திருகோணமலைச் சீனக்குடா ஆலையிலும் மற்ற ஆலையிலும் மாவாகிறது. உலகக் கோதுமை ஏற்றுமதியில் ரஷ்யாவும் உக்ரேனும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். 2022 பெப்ரவரியில் சண்டை தொடங்கியது. மார்ச்சில் உணவு விவசாய அமைப்பின் விலைச் சுட்டெண் அதுவரை காணாத உச்சிக்குப் போனது. 2014-16 சராசரி 100 என்றால் அது 160ஐ ஒட்டி நின்றது. சூரியகாந்தி எண்ணெய் வராமல் போக எல்லாரும் பாம் எண்ணெய்க்குத் திரும்பினார்கள். ஏப்ரல் கடைசியில் இந்தோனேஷியா அதையும் மூன்று கிழமை நிறுத்தியது. மே 13இல் இந்தியா கோதுமையை நிறுத்தியது. நம்முடைய டொலர் தட்டுப்பாடும் அதே மாதங்களில்தான் முற்றியது. மற்ற நாட்டுக்கு ஒரு அடி, நமக்கு இரண்டு.

உரத் தடைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார்களே?

எல்லாவற்றுக்கும் இல்லை. நிறையவற்றுக்கு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள், நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பெரும்போகத்துக்கு நேரம் தப்பிவிட்டது. 2022 நெல் விளைச்சல் முந்திய வருடத்தை விட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சேதன விவசாயம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. நைதரசனுக்கு மாற்று வைக்காமல் ஒரே போகத்தில் நிறுத்தினால் கதிர் சிறுக்கும் என்று கிளிநொச்சிக் கமக்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

அரிசி நம் நாட்டிலேயே விளைகிறது. அதற்கு ஏன் இந்த விலை?

2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு வகை நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபாய். நூறு கிலோ நெல் குற்றினால் அரிசி 65 கிலோ அளவில் வரும். அப்படியென்றால் ஒரு கிலோ அரிசிக்குள் இருக்கும் நெல் மட்டும் 185 ரூபாய். நாட்டரிசிக்கு 2024 டிசம்பரில் போட்ட உச்ச சில்லறை விலை 230. இடையில் உள்ள 45 ரூபாய்க்குள் காய்ச்சல், அவியல், குற்றுக்கூலி, சாக்கு, லொறி, ஆலைக்காரர் இலாபம், கடைக்காரர் இலாபம் எல்லாம் அடங்க வேண்டும். தவிடு விற்ற காசு ஆலைக்காரருக்குத் தனி.

இந்தக் கணக்கைப் பார்த்தால் யாரும் கொள்ளை அடிக்க இடமில்லை என்று தோன்றும். கொள்ளைக்கான இடம் காலத்தில் இருக்கிறது. அறுவடை நேரம் கமக்காரரிடம் உலர்த்தும் தளம் இல்லை, களஞ்சியம் இல்லை, ஆனால் கடன் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை வயலடியிலேயே ஈர நெல்லை அள்ளிக்கொண்டு பொலன்னறுவைக்கு லொறி போகும். அன்றைக்கு 120 கிடைப்பது அருமை. நாலைந்து மாதம் கழித்து, சிறுபோகம் வருவதற்கு முன், சந்தையில் நெல் இருப்பது பெரிய களஞ்சியமும் வங்கிக் கடனும் உள்ள கொஞ்ச ஆலைக்காரரிடம் மட்டும். அப்போது விலை அவர்கள் சொல்வது. அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபை இதற்காகத்தான் இருக்கிறது. அது வாங்கும் அளவு மொத்த விளைச்சலில் சிறு பங்கு. வெளிநாட்டு அரிசியை இறக்கிப் போட்டிக்கு விடலாம் என்றால் அந்த நேரம் கிலோவுக்கு 65 ரூபாய் இறக்குமதி வரி இருந்தது. கமக்காரரைக் காக்கப் போட்ட வரி. அதன் நிழலில் முதலில் உட்காருவது ஆலைக்காரர்.

கட்டுப்பாட்டு விலை போட்டு ஏன் அடக்க முடியாது?

அடக்கலாம், பொருள் மறைந்துவிடும். 2021 ஓகஸ்ட் கடைசியில் அவசரகால ஒழுங்குவிதி, செப்டெம்பர் தொடக்கத்தில் அரிசிக்கு உச்ச விலை, அதே மாதக் கடைசியில் உச்ச விலை நீக்கம். ஒக்டோபரில் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் இருந்த கட்டுப்பாட்டையும் எடுத்தார்கள். 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ஆனது. கட்டுப்பாடு இருந்த நாளில் பால்மா எங்கே இருந்தது? கடைக்காரருக்குத் தெரிந்தவர் வீட்டில். தெரிந்தவர் இல்லாதவர், இரண்டு சோப்பும் ஒரு பிஸ்கட்டும் சேர்த்து வாங்கினால்தான் ஒரு பக்கற் என்று கேட்டு வாங்கினார்.

2024 டிசம்பரில் திரும்பவும் அரிசிக்கு உச்ச விலை போட்டபோது சில கிழமைக்குச் சிவப்பு அரிசியைத் தேடி அலைந்தார்கள். இருந்த இடத்தில் நாட்டரிசி சம்பா என்ற பெயரில் ஏறியிருந்தது.

வரியைக் குறைத்தால் விலை இறங்குமா?

2020 ஒக்டோபர் 13. சீனிக்கு இருந்த விசேட வியாபாரப் பண்ட வரி கிலோ 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைந்தது. சீனி விலை அந்த அளவுக்கு இறங்கியதாக உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 16 பில்லியன் ரூபாய் வருமானம் இல்லாமல் போனது என்று பாராளுமன்றக் குழு வரைக்கும் பேச்சு வந்தது. 2023 நவம்பரில் 25 சதத்தைத் திரும்ப 50 ரூபாயாக்கினார்கள். அந்த ஏற்றம் மட்டும் மறுநாளே கடைக்கு வந்து சேர்ந்தது.

இறக்குபவர்கள் பலர் இருந்து, முந்தி விற்கப் போட்டி போட்டால் வரிக்குறைப்பு உங்களிடம் வரும். கொஞ்சப் பேர் என்றால் வழியிலேயே நின்றுவிடும்.

பதுக்கல்காரரைப் பிடித்தால் சரியாகிவிடுமா?

களஞ்சியம் உடைத்து மூட்டையைக் காட்டினால் தொலைக்காட்சிக்கு நல்லது. நான் பார்த்த அளவில் பதுக்கல் விலையேற்றத்தைத் தொடங்கிவைப்பதில்லை, தொடங்கியதைப் பெருக்கும். நாளைக்கு ஏறும் என்று எல்லாரும் நம்பும் நாளில் வியாபாரி பத்து மூட்டையைப் பின்னால் தள்ளுகிறார், வீட்டுக்காரர் பத்துக் கிலோ கூட வாங்குகிறார். கொழும்பில் ஆறு இலட்சம் வீடு என்று வைத்து வீட்டுக்கு ஐந்து கிலோ கூட வாங்கினால் மூவாயிரம் தொன். எந்தக் களஞ்சியக்காரரும் இந்த அளவுக்குத் தனியாகச் செய்யமுடியாது.

தேங்காய் இருநூறு ரூபாயைத் தாண்டியது குரங்கினாலா?

காயைப் பறித்து வீணாக்கும் குரங்கும் பங்காளிதான். பெரிய பங்காளி, ஒரு வருடத்துக்கு முந்திய மழை. பாளை விரிந்து தேங்காய் முற்ற ஏறத்தாழ ஒரு வருடம் எடுக்கும். வரட்சி போன வருடம், விலை இந்த வருடம். அதனால்தான் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதும் தேங்காய் ஏறும், சனம் குழம்பும். கூடவே எண்ணெய், தேங்காய்ப்பால், தூள் என்று ஏற்றுமதி ஆலைகளும் அதே காய்க்குத்தான் போட்டி. தேங்காய் ஏறிய மாதத்தில் எங்கள் ஒழுங்கையில் காலையில் சம்பல் இடிக்கும் சத்தம் குறைந்தது. பருப்பைத் தண்ணீராகக் கரைத்துப் பாணுக்குத் தொட்டார்கள்.

தம்புள்ளையில் தக்காளி வீதியில் கொட்டுகிறார்கள்; இங்கே கிலோ முந்நூறு. என்ன கூத்து இது?

இரண்டு கூத்து. ஒன்று, விலை ஏறிய போகத்தைப் பார்த்து எல்லாரும் தக்காளி நடுவார்கள், மூன்று மாதத்தில் எல்லாம் ஒரே கிழமையில் பழுக்கும், விலை விழும், அடுத்த போகம் யாரும் தக்காளி நட மாட்டார்கள், விலை ஏறும். இரண்டு, வழி. தோட்டத்திலிருந்து சேகரிப்பவர், தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம், பேலியகொட மெனிங் சந்தை, அங்கிருந்து உங்கள் தெருக் கடை. ஒவ்வொரு கையிலும் தரகு, ஏற்று கூலி, இறக்கு கூலி. பொலி சாக்கில் திணித்து அதன்மேல் ஆள் உட்கார்ந்து வரும் லொறியில் அடி மூட்டைத் தக்காளி வரும்போதே சாறு. கொழும்புக் கடைக்காரர் பத்துக் கிலோவில் மூன்றைக் கழித்துப் போட்டால், மிச்ச ஏழில் பத்தின் விலை இருக்கும். 2011 கடைசியில் பிளாஸ்டிக் கூடை கட்டாயம் என்றார்கள். வெறுங்கூடை திரும்பிப் போக யார் கூலி கொடுப்பது என்று சண்டை வந்தது. சாக்குத்தான் வென்றது.

சோற்றுப் பார்சல் விலை கூடாமல் இருக்கிறதே, அது நல்லதுதானே?

தூக்கிப் பாருங்கள். பாணுக்கு 450 கிராம் என்று சட்டம் இருக்கிறது, பார்சலுக்கு இல்லை. நான் மதியம் வாங்கும் கடையில் விலை ஆறு மாதம் அசையவில்லை. முட்டை பாதியானது, பிறகு மீன் துண்டு மெலிந்தது, பிறகு இரண்டாவது மரக்கறி காணாமல் போனது. கடைசியாகப் பொரித்த அப்பளத் துண்டு ஒன்று புதிதாக வந்தது, வெற்றிடத்தை மூட.

உணவு விலைக்கு மத்திய வங்கி ஏன் வட்டியைக் கூட்டியது?

2022 ஏப்ரலில் ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி. வட்டி கூடினால் நெல் கூடுதலாக விளையாது, கப்பலும் கூடுதலாக வராது. ஆனால் அச்சடித்த பணம் குறைந்த சாமானைத் துரத்துவதும், ரூபாய் இன்னும் சரிவதும் அடங்கும். அடங்கியது. கடன் வாங்கி வியாபாரம் செய்த சின்னக் கடைகள் சிலவும் அடங்கிவிட்டன.

மானியம் கொடுத்தால் என்ன? முன்பு கொடுத்தார்கள்தானே?

கொடுத்தார்கள். நிறுத்தப் போய் அரசாங்கமே ஆடியது. 1953இல் கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டது. ஓகஸ்ட் 12 ஹர்த்தால். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதன்பின் வந்த எந்த நிதி அமைச்சருக்கும் அரிசி என்றால் ஒரு பயம்.

எல்லாருக்கும் மலிவு அரிசி என்றால் கறுவாத்தோட்டத்துப் பணக்கார வீட்டுக்கும் அதே மானியம் போகும், திறைசேரி தாங்காது. தேவைப்பட்டவருக்கு மட்டும் காசு என்றால் பட்டியலில் யார் என்ற சண்டை. 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரசாங்க உதவித் திட்டம் இரண்டாவது வகை. எங்கள் ஒழுங்கையில் கிடைக்க வேண்டிய ஒருவருக்குக் கிடைக்கவில்லை, தேவையில்லாத ஒருவருக்குக் கிடைத்தது. இருந்தாலும் காசு கொடுப்பதே மேல் என்பது என் எண்ணம், ஒரு நிபந்தனையோடு: சாமான் விலை ஏறினால் அந்தத் தொகையும் தானாக ஏற வேண்டும். 5,000 ரூபாய் என்று எழுதி வைத்துவிட்டு மறந்தால், அதுவும் பார்சல் மாதிரி உள்ளுக்குள் மெலியும். 2022இல் நாட்டில் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருந்ததாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. அந்த நேரம் கடைகளில் வாசனை அரிசியும் பாலாடைக்கட்டியும் இருந்தன.

அப்ப, ஏறுவதற்கு முன்னால் வாங்கி வைக்கலாமா?

ஒரு மாதத்துக்கு வாங்குங்கள், வீட்டு வசதிக்கு. அதற்கு மேல் கொழும்புக் காற்று விடாது. வெங்காயத்தை வலைப் பையிலிருந்து எடுத்துப் பரப்பி வையுங்கள், உருளைக்கிழங்கோடு ஒரே கூடையில் போட வேண்டாம். செத்தல் மிளகாயை வெயில் கண்ட நாளில் காய விடுங்கள். அரிசியில்தான் பிரச்சினை. 2022இல் எங்கள் வீட்டில் 50 கிலோ சம்பா வாங்கி அடுக்கினோம். மூன்றாம் மாதம் மூட்டை தானாக நடக்க ஆரம்பித்தது. வேப்பிலை போட்டால் வண்டு வராது என்பார்கள். போட்டும் வந்தது. மூடி இறுக்கமான தகர டின்னில் நாலு செத்தல் மிளகாயோடு போட்டு வைத்த பத்துக் கிலோ மட்டும் தப்பியது.